காதர்பேட்டைக்குப் போன சிரிப்பு

இந்தா அம்மிணி, இதை மாட்டிக்க. கண்டக்டர் கடைசி சீட்டுக்குப் போயிருக்காப்ல, திரும்பி வர்றதுக்குள்ள மாட்டிக்க. மாஸ்க் இல்லாம ஏறினா பெருமாநல்லூர்லயே எறக்கி உட்டுருவாங்க. அட, பயப்படாதே, ஒருத்தரும் போடாதது, துவைச்சு மடிச்சு வெச்சது. எங்கூட்டுல இதே மாதிரி ஒரு பை நெறையக் கெடக்குது.

ம், இப்பச் சரி.

என்ன, படமெல்லாம் போட்டிருக்குதேன்னு யோசிக்கறயா? அது போட்டோ. நெசத் தெரு. பஜ்ஜி வண்டி, பின்னால டவுன் பஸ்ஸு, மேல கரண்டுக் கம்பி. முன்னால ஒரு பொம்பளை கையில பஜ்ஜியை வெச்சுக்கிட்டு, கடவாப்பல்லு தெரியச் சிரிச்சுட்டு நிக்கறா பாத்தியா? அவ யாருன்னு கேளு.

நாந்தான்!

நம்பலையா? கழட்டிக் காட்ட மாட்டேன் கண்ணு. நாலு மாசமா வெளிய மாஸ்க்கைக் கழட்டினதே இல்ல. கண்ணை மட்டும் பாத்து ஒத்துப் போகுதான்னு நீயே முடிவு பண்ணிக்க. அந்த மாஸ்க்கு ரெண்டு துண்டா வெட்டி நடுவுல தையல் போட்டது. தையலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு மனுசன். நீ பேசினா உன் மூஞ்சி அசைஞ்சு நாங்க ரெண்டு பேரும் முட்டிக்கறோம். அதனால நீ சித்த நேரம் பேசாம இரு, நான் பேசறேன்.

நான் செக்கிங். திருப்பூர்ல பனியன் கம்பெனியில பத்தொம்பது வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கறேன். துளசிமணின்னா தெரியும். தைச்சு வர்ற பீஸை விரிச்சுப் போட்டுப் பாக்கணும். ஓட்டை, கறை, தையல் விட்டது எதாச்சும் இருந்தா அந்த எடத்துல சின்னதா ஒரு செவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அம்பு மாதிரி இருக்கும். அம்பு எங்க காட்டுதோ அங்க குத்தம்னு அர்த்தம். நல்ல பீஸ் பேக்கிங்குக்குப் போகும், அம்பு ஒட்டினது அக்கட்ட கழிவு மூட்டைக்குப் போயிரும். துளசிமணி தள்ளினா தள்ளினதுதான், மேல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

அந்த மனுசன் எங்க கம்பெனி அயர்ன் மாஸ்டர். நாச்சிமுத்துன்னு பேரு. சம்சாரம் போயி எட்டு வருசமாச்சு, மகளைக் கட்டிக் குடுத்துட்டாரு. எனக்கும் எங்கூட்டுக்காரர் போயி பதினாலு வருசமாச்சு. சனிக்கிழமை ஷிப்ட்டு முடிஞ்சா பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கற வண்டியில ஆளுக்கு ரெண்டு மொளகா பஜ்ஜி தின்போம். தின்னுட்டு அவரு அவரு பஸ்ஸுக்குப் போயிருவாரு, நான் என் பஸ்ஸுக்குப் போயிருவேன். மூணு வருசமா இதான். இதுல என்ன இருக்குது சொல்லு? பஜ்ஜி. பஜ்ஜி தின்னாத் தப்பா? ஊட்டுல ஓவர்டைம்னு சொல்லியிருந்தேன், அது வேற விசயம். பஜ்ஜிக்கெல்லாம் வெளக்கஞ் சொல்லிட்டு இருக்க முடியுமா?

அந்த மனுசனுக்குச் சிரிக்கவே தெரியாது. ஆனா வாயைத் தொறந்தாருன்னா நமக்கு வயிறு வலிக்கும். நோய்க்கு முந்தின தை மாசம், ஒரு நாளு வண்டிக்காரர் சுண்டுவெரல் மொத்தத்துல ஒரு பஜ்ஜியை எடுத்துக் குடுத்தாரு. இவரு அதை வெளிச்சத்துல புடிச்சு, முன்னப் பின்னத் திருப்பிப் பாத்தாரு. "துளசி, நான் எக்ஸ்எல் சொன்னேன், இது கொழந்தை சைஸு. ஓரமெல்லாம் பிசிறு. ஒரு அம்பு ஒட்டு"ன்னாரு. மூஞ்சியில ஒரு அசைவு இல்ல! நான் சிரிச்சேன் பாரு, அட சாமி, வண்டிக்காரர் சட்டுவத்தைக் கீழ போட்டுட்டாரு. அப்ப ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் காமிராவை நீட்டிட்டு நின்னான். பஜ்ஜியைப் புடிக்கறான்னு நெனச்சேன்.

அப்பறம் நோய் வந்துச்சு, கம்பெனி மூடிச்சு, தொறந்துச்சு, மறுபடி மூடிச்சு. திரும்பத் தொறந்தா பனியன் ஆர்டரே இல்ல, எல்லாம் மாஸ்க் ஆர்டர். வெளிநாட்டுல ஏதோ ஒரு கடைக்கு, தெருத்தெருவா எடுத்த போட்டோவைத் துணியில அச்சடிச்சு மாஸ்க் தைக்கச் சொல்லியிருந்தாங்க. ஆறு டிசைன். பம்பாய் ரயிலு, கல்கத்தா டாக்ஸி, டெல்லியில எங்கயோ ஒரு சந்து, இப்படி. "இதையெல்லாமா மூஞ்சியில மாட்டிட்டுத் திரிவாங்க?"ன்னு எங்க டேபிள் புள்ளைங்க ஒரே சிரிப்பு. நானுஞ் சிரிச்சேன். சிரிச்சுட்டே ஆறாவது டிசைன் கட்டை அவுத்தேன்.

கட்டுக்குள்ள இருந்து நான் சிரிக்கறேன்.

ஒண்ணு இல்ல அம்மிணி, மூவாயிரம் பீஸு. மூவாயிரத்துலயும் அதே பஜ்ஜி, அதே கடவாப்பல்லு. அந்தப் பக்கம் நாச்சிமுத்து நிக்கறாரு. பஜ்ஜியைப் பாக்கல, காமிராவைப் பாக்கல. என்னையப் பாக்கறாரு. அந்த மனுசன் அப்படிப் பாப்பாருன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நான்தான் மூணு வருசமா பஜ்ஜியையே பாத்துட்டு இருந்துட்டனே.

எனக்கு மொதல்ல எம்பட பையன் ஞாபகம்தான் வந்துச்சு. பூபதின்னு பேரு, ஒத்தைப் பையன். அப்பன் போனப்ப பன்னெண்டு வயசு. இப்ப மருந்துக் கடையில நிக்கறான், ஊரே தெரியும் அவனை. "உங்கம்மா எவரோடயோ ரோட்டுல நின்னு பல்லைக் காட்டிட்டு இருக்குது"ன்னு ஒருத்தர் அவங்கிட்டச் சொல்லிட்டா? அவன் எம்மூஞ்சியைப் பாக்கறதை உட்டுட்டா? எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சுன்னா அப்பறம் நான் எதுக்கு இருக்கறேன்?

கை தானா ஸ்டிக்கரை எடுத்துருச்சு. "ஷேடு அடிக்குது"ன்னேன். சாயம் ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் கொறைஞ்சும் இருக்குதுன்னு அர்த்தம். அது கண்ணுக்குக் கண்ணு மாறும், இல்லைன்னு எவராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. அடுத்த பீஸு, ஷேடு. அதுக்கு அடுத்தது, ஷேடு. பக்கத்துல நின்ன மூணு புள்ளைங்களும் என்னையப் பாத்து அப்படியே ஒட்ட ஆரம்பிச்சிருச்சுங்க. சூப்பர்வைசர் வந்து ஜன்னல்கிட்டப் புடிச்சுப் பாத்துட்டு, "எனக்குத் தெரியலயேக்கா"ன்னாப்ல. "உனக்குக் கண்ணு போச்சு, டாக்டரைப் பாரு"ன்னேன். பாவம், அடுத்த நாளே போயி கண்ணாடி போட்டுட்டு வந்துட்டாப்ல. அந்த டிசைனையே உட்டுட்டு மத்த அஞ்சு டிசைனோட பெட்டி கப்பலுக்குப் போச்சு.

அன்னைக்கு நான் ஊட்டுக்குப் போயி கேசரி கெளறினேன். மானம் தப்பிச்சுதுன்னு.

பத்தொம்பது வருசம் செக்கிங்ல நின்னவளுக்கு ஒண்ணு மட்டும் புத்திக்கு வரல பாரு. பாஸாகற துணிதான் கடல் தாண்டும். தள்ளின துணி எங்க போகும்? காதர்பேட்டைக்கு! நம்மூர்ல கம்பெனியில கழிச்சதையெல்லாம் குவிச்சு வெச்சுக் கூவி விக்கற தெரு இருக்குதே, அங்க. நான் வாயை மூடிட்டுப் பாஸ் பண்ணியிருந்தா, துளசிமணி யாரு நாச்சிமுத்து யாருன்னே தெரியாத சனங்க மூஞ்சியில ஏறி நாங்க பாட்டுக்கு எங்கயோ போயிருப்போம். என் கையாலயே மூவாயிரத்தையும் ஊருக்குள்ள எறக்கி உட்டுட்டேன்.

அதோட போச்சா? அம்பு! ஷேடுக்கு ஓரமா எங்கயாச்சும் ஒட்டறதுதான் வழக்கம். அன்னைக்குப் பதட்டத்துல என் கை நேரா எங்கன்னத்துக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்குது. அக்கா ஒட்டற எடம்னு மத்த புள்ளைங்களும் அங்கயே ஒட்டியிருக்குதுங்க. வாங்கினவங்க அதைப் பிய்க்கறதும் இல்ல, டிசைன்னு நெனச்சுக்கிட்டாங்க. இவதான், இவதான்னு ஊருக்கே அம்பு போட்டுக் காட்டிட்டேன். அந்தக் கன்னத்துக்கிட்டத் தொட்டுப் பாரு, துவைச்சும் பிசுபிசுப்பு போகல.

ஒரே வாரம் அம்மிணி. டீக்கடைக்காரர் மூஞ்சியில நான். ரேசன் கடை வரிசையில ஏழெட்டு நான், இடைவெளி விட்டு நிக்கறேன். குமரன் ரோட்டுல ஒரு போலீஸ்காரர் என்னைய நிறுத்தி, "ஏம்மா, மூக்கு தெரியுது, மேல ஏத்திப் போடு"ன்னு அதட்டறாரு. அவரு மூஞ்சியில நான் பல்லைக் காட்டிட்டு இருக்கறேன்! "சரிங்க சார்"னு சொன்னேன். சொல்றப்பவே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, மாஸ்க் இருந்ததால தப்பிச்சேன். பயந்தானே படணும்? பயந்தேன். பயந்துக்கிட்டே எண்ணினேன். அன்னைக்கு ஒரு நாள்ல மட்டும் முப்பத்தாறு பேரு. நம்ம மூஞ்சி இத்தனை பேருக்குப் புடிச்சிருக்குதேன்னு ஒரு... அது கெடக்குது.

ஒரு நல்ல காலம் என்னன்னா, ஒரு வருசமா ஊருல எவரும் எவர் மூஞ்சியையும் முழுசாப் பாக்கல. நான் மாஸ்க்கைக் கழட்டாத வரைக்கும் அந்தப் பொம்பளை யாரோ, நான் யாரோ. அன்னைல இருந்து வெளிய டீ இல்ல, தண்ணி இல்ல. ஊட்டுக்குள்ளயும் போட்டுக்கிட்டே இருந்தேன். "எதுக்கம்மா?"ன்னான் பூபதி. "தூசி"ன்னேன்.

அவன் கதையைக் கேளு. அந்த ஞாயித்துக்கெழமை வர்றான், என்னைய மாட்டிக்கிட்டு! கையில ஒரு பை. "நல்ல காட்டன்மா, காதர்பேட்டையில இருந்ததை ஒட்டுக்கா வாங்கிட்டேன்"ங்கறான். பிரிச்சுப் பாத்தா எல்லாம் ஒரே டிசைன். "வேற டிசைன் கெடைக்கலையாடா?"ன்னேன். "இதுதாம்மா நல்லா இருக்குது"ன்னான். மருமக கோகிலா ஒண்ணை எடுத்துப் பாத்தா, பாத்துட்டு அடுப்படிக்குள்ள ஓடிட்டா. இருமல்னு சொன்னா. வெகு நேரம் இருமினா, பாவம்.

பெத்த தாயை அடையாளம் தெரியல பாரு அந்தக் கூறுகெட்டவனுக்கு! தெனமும் அதையே போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனான், அவனே துவைச்சு அவனே காயப் போட்டான். ஒரு நாளு எம்பக்கத்துல உக்காந்து அதை விரிச்சு வெச்சுக்கிட்டு, "இந்தம்மா எப்படிச் சிரிக்குது பாரேன். இப்படிச் சிரிக்கற ஆளை நான் நேர்ல பாத்ததே இல்லம்மா"ங்கறான். நான் பருப்புக் கடைஞ்சுட்டு இருந்தேன். "பல்லு கொஞ்சம் தூக்கல்"னேன். இன்னொரு நாளு, "அந்த அண்ணன் நல்ல மனுசனாட்டம் தெரியுது"ங்கறான். மாஸ்க்குல இருக்கற ஆளைப் பாத்து நல்லவரு கெட்டவருன்னு சொல்றானே, மருந்து வாடையில இவனுக்கு மூளை கலங்கிருச்சோன்னு எனக்கு ஒரே கவலை.

அவன் கொஞ்சம் அப்படித்தான், வயித்துக் கோளாறு வேற. அவனுக்குக் கோகிலாவைப் பேசி முடிச்ச அன்னைக்கும் அப்படித்தான். எங்க பக்கம் பொண்ணு முடிவாச்சுன்னா ரெண்டு வீட்டாரும் வெத்தலை பாக்கு வெச்சு, உப்பும் சக்கரையும் மாத்திக்குவோம். அது மாத்தியாச்சுன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். நான் ஆசையாத் தட்டை எடுக்கப் போனேன். "நீ எடுக்காதே துளசி, உன் கையால வேண்டாம், ஓரமா நில்லு"ன்னு எம்பட கொழுந்தனார் சம்சாரம் வாங்கிக்கிட்டா. வழக்கம் அப்படி, அதுக்கு அவ என்ன பண்ணுவா. நான் ஒண்ணும் நெனைக்கல. அன்னைக்கு முழுக்க பூபதி சாப்பிடவே இல்ல. மாப்பிள்ளைப் பையன், எலை போட்டு எந்திரிச்சுட்டான். வயிறு சரியில்லம்மான்னான்.

நாச்சிமுத்து கதைக்கு வர்றேன். அந்த மனுசன் ஒரு மாஸ்க்கை நல்லா அயர்ன் பண்ணி, ஒரு சுருக்கம் இல்லாம மடிச்சுக் கொண்டாந்து என் டேபிள்ல வெச்சாரு. "துளசி, நல்லா வந்திருக்குது"ன்னாரு. நீயே சொல்லு, எனக்கு எப்படி இருக்கும்? "என்ன நல்லா வந்திருக்குது? எம்பையன் காதுக்குப் போனா என் கதி என்னன்னு தெரியுமா? இனிமே சனிக்கிழமையும் வேண்டாம், பஜ்ஜியும் வேண்டாம், எம்மூஞ்சியிலயே முழிக்காதீங்க"ன்னுட்டேன். "சரி துளசி"ன்னாரு. அடுத்த திங்கக்கெழமை அயர்ன் டேபிள்ல வேற ஆளு நிக்கறாப்ல. இவரு வேலையை உட்டு நின்னுக்கிட்டு, குன்னத்தூர்ல அக்கா ஊட்டுக்குப் போயிட்டாருன்னு சொன்னாங்க.

என்னைய உடு. எனக்கொண்ணும் இல்ல. ஒரு தடவை மட்டும் சனிக்கிழமை அந்த வண்டிக்குப் போனேன். வண்டிக்காரர் பழக்கத்துல நாலு பஜ்ஜி போட்டுட்டாரு. நாலையும் நானே தின்னுட்டு வந்தேன், ரெண்டு நாளைக்கு நெஞ்செரிச்சல்.

இப்ப எதுக்குப் போறேன்னா, இந்தக் கேரியருக்காகத்தான். மடியில இருக்குது பாரு, மூணடுக்கு, அவரோடது. அன்னைக்கு நான் கத்தினப்ப என் டேபிள்லயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. அந்த மனுசன் ஒரு பொருளை மறக்கற ஆளே இல்ல, அன்னைக்கு என்னமோ. நாலு மாசமா எங்கூட்டு அலமாரியில கெடந்துச்சு. கம்பெனியில கூட வேலை செஞ்ச ஒரு அம்மாவுதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். நேத்துப் பேக்கிங் புள்ளை சொல்றா, அவரு அடுத்த வாரம் மகளோட பெங்களூர் போயிடறாராம், இனி இந்தப் பக்கமே வர மாட்டாராம். போனாப் போகட்டும், எனக்கென்ன? ஆனா பாத்திரம்? அடுத்தவங்க பாத்திரத்தை எத்தனை நாளைக்கு வெச்சிருக்கறது, நாயம் வேண்டாமா? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு, இந்தப் பாத்திரத்தை நெனச்சு.

அதான் காலையில ஊட்டுல சொன்னேன், குன்னத்தூர் போயி அந்த அம்மாவுக்குக் கேரியரைக் குடுத்துட்டு ரெண்டு மணி பஸ்ஸுல வந்தர்றேன்னு. பூபதி இன்னைக்கு லீவு போட்டுட்டு ஊட்டுல இருந்தான். "அந்த அம்மா நல்லா இருக்காங்களா?"ன்னு கேட்டான். "இருக்கும்"னேன். பொங்கலுக்கு அவன் எடுத்துக் குடுத்த அரக்குச் சேலை, பளீர்னு இருக்குதுன்னு நான் கட்டவே இல்ல, அதை எடுத்து வெச்சு, "இதுதாம்மா தேய்ச்சது இருக்குது, கட்டிக்க"ங்கறான். கோகிலா வாசல் வரைக்கும் வந்து, "அத்தை, ராகுகாலத்துக்கு முன்னாடி போய்ச் சேந்துருங்க"ங்கறா. பாத்திரம் குடுக்கறதுக்கு என்ன ராகுகாலம்? இந்தக் காலத்துப் புள்ளைங்க ரவுசு தாங்கல.

"வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதும்மா"ன்னு பூபதியே எதையோ போட்டு, துண்டுல இறுக்கி முடிச்சுப் போட்டுக் குடுத்தான். வழியில தொறக்காதேன்னான். கனம்! கையி எறங்கிப் போச்சு. சோறு கட்டியிருப்பான்.

ஏனம்மிணி, நீ காலையில சாப்பிட்டயா? இல்லையா? அட, மொதல்லயே சொல்லக் கூடாது? இரு, ஒரு வாய் தர்றேன். தொறக்காதேன்னான், கெடக்கறான். இந்த முடிச்சை இக்கட்ட புடி. மருந்துக் கடைக்காரன் போட்ட முடிச்சைப் பாரு, அவுக்கவே வர மாட்டேங்குது. ம், வந்துருச்சு.

மேலடுக்குல என்ன... வெத்தலை. வெத்தலை, பாக்கு, ரெண்டு வெரலி மஞ்சள். இதென்ன, சாப்பாடு இல்லையா? நடு அடுக்கு பாக்கலாம். சக்கரை. சர்க்கரைப் பொங்கல் இல்ல, வெறும் சக்கரை. எதுக்கு இவ்வளவு...

அடியில உப்பு.

கல்லுப்பு, அம்மிணி. கழுத்து வரைக்கும்.

இரு. ஒண்ணும் பேசாதே.

எடுக்காதேன்னாங்களே. உன் கையால வேண்டாம்னாங்களே அன்னைக்கு. அவனே அள்ளிப் போட்டு, எங்கையில குடுத்து அனுப்பியிருக்கறான். அடப் பூபதி. அப்ப அன்னைக்கு உனக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சாடா? இந்தம்மா எப்படிச் சிரிக்குது பாருன்னானே, அது... கோகிலா இருமினாளே... இங்க பாரு, இந்த மூடியைப் பாரு. பேரு வெட்டியிருக்குது. செ. நாச்சிமுத்து, குன்னத்தூர். நாலு மாசமா அந்தப் புள்ளைதான் வெளக்கி வெளக்கிக் கவுத்து வெச்சா. நான் ஒரு அம்மாவுது, ஒரு அம்மாவுதுன்னு... அட கருமமே, என்னைய மாதிரி ஒரு முட்டாளை எங்கயாச்சும் பாத்திருக்கறயா? ஊருக்கெல்லாம் அம்பு போட்டுக் காட்டினவளுக்கு ஊட்டுக்குள்ள நடந்தது தெரியல.

நான் அழுகல கண்ணு. சிரிக்கறேன். ரெண்டும் ஒட்டுக்கா வருது, என்ன பண்ணச் சொல்ற? தண்ணியை வெச்சுக்க, வேண்டாம். எனக்குப் புடிக்கும் அம்மிணி அந்த மனுசனை. புடிக்கும். சொல்லிட்டேன் போ. ஒரு பாத்திரத்துக்காக எவளாச்சும் ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பாளா?

அய்யய்யோ, குன்னத்தூர் வந்துருச்சு. இந்தத் துண்டை இந்தப் பக்கம் சுத்து. அவரு வேண்டாம்னுட்டா? முழிக்காதீங்கன்னு நாந்தானே சொன்னேன். சொன்னா என்ன? மூவாயிரத்துல ஒண்ணுலயாச்சும் அவரு வேற பக்கம் பாத்தாரா? நீயே அதைக் கழட்டிப் பாத்துக்க, என்னையத்தானே பாக்கறாரு? ரெண்டு மணி பஸ்ஸா? அதைப் பாத்துக்கலாம் போ.

இந்தா, நான் மாஸ்க்கைக் கழட்டிட்டேன். இப்பச் சொல்லு, நாந்தானே அது? அதே பல்லுதானே? மாஸ்க்கை நீயே வெச்சுக்க. எங்கூட்டுல ஒரு பை கெடக்குது.

ஏனுங் கண்டக்டரு, குன்னத்தூருங்க! திட்டாதீங்க சாமி, மாட்டிக்கறேன், அப்பறமா மாட்டிக்கறேன். டிரைவரண்ணனைச் சித்த மெதுவா நிறுத்தச் சொல்லுங்க. உப்பு சிந்திரும்.